விண்டோஸ் 10 முடிந்துவிட்டது: டிடிபி கடையைத் திறமூலத்துக்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

எதிர்க்கடை
12 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். திருக்கோவிலூரில் தாலுகா அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் எங்கள் கடை. அப்பா 1994-ல் இரண்டு தமிழ் டைப்ரைட்டரோடு ஆரம்பித்தது. இப்போது டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கிறோம். மூன்று கணினி இருக்கிறது. அதில் இரண்டு நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. இரண்டு பெட்டியும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது தூக்கிப்போட மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை கடையில் இருந்த மென்பொருள் எல்லாமே கிராக் செய்தவை. சர்வீஸ் செய்ய வருபவர் பென்டிரைவில் கொண்டு வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார், நாங்களும் கேட்டதில்லை. ஆகஸ்டில் ஒரு கணினியில் எல்லா ஃபோல்டரும் பூட்டிக்கொண்டது. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று திரையில் ஒரு அறிவிப்பு. மூன்று மாத வேலை போனது. அதில் கல்லூரிப் பிள்ளை ஒருவருடைய ஆய்வேடும் போனது. இனிமேல் கடையில் கிராக் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விண்டோசுக்குப் பதில் லினக்ஸ், வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் என்று, நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் இலவசத் திறமூல மென்பொருள்கள் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். என் கவலை இரண்டு. ஒன்று, 20 வருட ஃபைல்கள். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் என்று எல்லாமே வேர்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், இல்லையென்றால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில். இவை புதிய இடத்தில் திறக்குமா? இரண்டாவது, எங்களிடம் 19 வருடமாக டைப் செய்யும் அக்கா. பாமினியைத் தவிர வேறு முறையில் அவர் அடித்ததே இல்லை. அவர் கை வேகத்தில்தான் கடையே நடக்கிறது. அவரைச் சிரமப்படுத்தாமல் மாற முடியுமா?

கடை நடத்திக்கொண்டே மாறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குமரிக்காரன்
12 நவம்பர் 2025

யோசிக்கவே வேண்டாம் தம்பி. லினக்ஸ் மின்ட் 22-ல் பழைய கணினிக்கும் இலேசாக ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, இரண்டு பழைய பெட்டியிலும் போட்டுவிடுங்கள். 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். முடிந்தால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள், ராமை 8 ஆக்குங்கள். அதற்கு மேல் அந்த ஐ3-க்கு ஒன்றும் தேவையில்லை.

நான் இருப்பது எல்லைப் பக்கம். பக்கத்தில் கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் லினக்சில்தான் கணினி படிக்கிறார்கள். அங்கே கைட் என்ற அரசு நிறுவனமே தனிப் பதிப்பு தயாரித்துக் கொடுக்கிறது. நம் ஊரிலும் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோசோடு பாஸ் என்ற இந்திய லினக்சும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

மையும்தாளும்
13 நவம்பர் 2025

தம்பி, நான் தேவகோட்டையில் சின்ன அச்சகமும் டிடிபியும் நடத்துகிறேன். 2021 ஜூனில் ஆரம்பித்து அடுத்த பொங்கலுக்குள் நான்கு கணினியில் மூன்றை முழுக்க மாற்றினேன். குமரி அண்ணன் சொல்வது வீட்டுக் கணினிக்கு ரொம்பச் சரி. கடைக்கு வரிசை வேறு. முதலில் எழுத்தை மாற்றுங்கள், அப்புறம் மென்பொருளை, கடைசியாக விண்டோசை. நான் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எழுத்து என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? 2018-ல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் ஊர்க் கோவிலின் 2006 கும்பாபிஷேக மலர் எங்கள் கடையில் அடித்தது, 96 பக்கம். 12 வருடம் கழித்து அடுத்த கும்பாபிஷேகம், அதையே திருத்தி மறுபடி போடவேண்டும் என்றார். சிடி பத்திரமாக இருந்தது. ஃபைலும் திறந்தது. உள்ளே 96 பக்கமும் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கமாவும்தான். அந்தக் காலத்தில் நாங்கள் வாங்கியிருந்த தமிழ் மென்பொருளுக்குக் கணினியின் பின்னால் சொருகும் பூட்டு ஒன்று உண்டு. அது இருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும். பூட்டு என்றைக்கோ செத்துப்போனது. விற்றவர்களும் அந்தத் தொழிலில் இல்லை. எனக்குக் கிடைத்த எந்த எழுத்து மாற்றி நிரலுக்கும் அந்தக் குறியாக்கம், அதாவது எந்தக் குறி எந்த எழுத்து என்ற கணக்கு, பிடிபடவில்லை. பெரியவர் கையில் அச்சடித்த மலர் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் தலவரலாறு எழுதியவர் அவருடைய அண்ணன், அப்போது உயிரோடு இல்லை. ஒரு எழுத்து மாறாமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நானும் கடைப் பெண்ணும் 11 நாள் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி அடித்தோம்.

பாமினியும் அதே ரகம்தான். எல்லோரிடமும் அது இருப்பதால் நமக்குப் பயம் தெரிவதில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துரு அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளுக்கு மேல் தமிழ் முகத்தைக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த முகம் கிடையாது. 'கிரயம்' என்று தேடினால் அகப்படாது. வாட்ஸாப்பில் ஒட்டினால் யாருக்கும் புரியாது. லினக்ஸ் போட்டாலும் சரி, ஒரு லட்சம் கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் சரி, உங்கள் 20 வருட ஃபைல்கள் அந்த எழுத்துருவுக்குள்தான் கிடக்கும். அவற்றை, எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான இடமாற்றம். மற்றதெல்லாம் கருவி மாற்றுவது.

எப்படிச் செய்வது? ஒன்றிரண்டு ஃபைல் என்றால் இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி எடுக்கலாம். விண்டோசில் என்எச்எம் மாற்றி இலவசம். நூற்றுக்கணக்கில் என்றால் பைத்தானில் ஓப்பன் தமிழ் என்ற திறமூல நிரல்தொகுப்பு இருக்கிறது, பாமினி, வானவில், டேப், டாம் என்ற பழைய குறியாக்கங்கள் எல்லாம் அதற்குத் தெரியும். பைத்தான் தெரிந்த கல்லூரிப் பிள்ளை யாரையாவது பிடியுங்கள், ஒரு நாள் வேலை. பழைய .டாக் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் தேவையில்லை. லிப்ரே ஆபீசைக் கட்டளை வரியிலிருந்து ஏவினால் ஒரு ஃபோல்டர் முழுவதையும் தானே மாற்றிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். பத்திரத்தில் நாம் தமிழைப் பாமினியிலும், எண்களையும் சர்வே நம்பரையும் பல நேரம் ஆங்கில எழுத்துருவிலும் அடித்திருப்போம். வெறும் எழுத்தாக எடுத்து மாற்றியில் போட்டால் எது எந்த எழுத்துரு என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். பாமினியில் ஆங்கிலக் கமாவின் இடத்தில் இருப்பது 'இ'. அதனால் 1,25,000 ரூபாய் 1இ25இ000 ரூபாய் ஆகிவிடும். பெரிய சி-யின் இடத்தில் இருப்பது 'ஊ'. சர்வே எண் 124/2சி என்று இருந்தது எனக்கு 124/2ஊ என்று வந்தது. கல்யாணப் பத்திரிகையில் இப்படி வந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். பாகப்பிரிவினையில் வந்தால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள்.

அதனால் மாற்றுவதற்கு முன் லிப்ரே ஆபீசில் தேடு, மாற்று என்ற பெட்டியைத் திறந்து, எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். ஏரியலில் இருப்பவை, டைம்ஸில் இருப்பவை எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். அவற்றுக்கு மஞ்சள் பூசி வையுங்கள். மாற்றிய பிறகு பழைய அச்சுப் பிரதியை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்கவேண்டும். அச்சுக்கோத்த காலத்தில் புரூஃப் பார்த்த அதே முறைதான், அதைவிட நல்ல முறையை நான் இன்னும் பார்க்கவில்லை. எண்கள் மட்டுமாவது இரண்டு பேர் கண்ணில் படட்டும்.

இன்னொன்று. மாற்றிய எழுத்து லிப்ரே ஆபீசில் எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் ஏற்காமல் அடம்பிடிப்பதுபோல் தோன்றும். பாமினியை அது ஆங்கிலம் என்று நினைத்திருந்தது. யூனிகோடு வந்ததும் தமிழ் என்று கண்டுகொள்கிறது, அதற்கு வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. அமைப்புகளில் மொழிகள் பகுதியில் சிக்கலான எழுத்து அமைப்பு என்ற பெட்டியில் டிக் போட்டு, மொழி தமிழ் என்று கொடுங்கள். பிறகு பாணியில் (ஸ்டைல்) தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தனியாக வைக்க இடம் வரும். ஒரு முறை வைத்து டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் போதும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் பத்தி பத்தியாக எழுத்துரு மாற்றிக்கொண்டிருந்தேன்.

9,000 ஃபைல் இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். மாதிரிப் பத்திரங்கள், திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்கள், மறுபதிப்பு வரக்கூடிய மலர்கள், இவை மட்டும் முதலில். மற்றவற்றை எழுத்துரு இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், பார்க்கவும் அச்சடிக்கவும் அது போதும். காகிதப் பிரதி மட்டும் இருந்தால் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து டெசராக்டிடம் கொடுங்கள். தமிழ் படிக்கும் திறமூல நிரல் அது, ஜிஇமேஜ்ரீடர் வழியாக ஓட்டினால் சுலபம். தெளிவான அச்சாக இருந்தால் நன்றாகவே படிக்கிறது. 2018-ல் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 11 நாள் 3 நாளாகியிருக்கும்.

பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும். 2015 முதலே அந்த வசதி உண்டு. பக்க அமைப்பு குலையும், எழுத்து கைக்கு வரும். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக அடுக்குவதே மேல். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 2001-ல் வந்த 7.0 தான். யோசித்துப் பாருங்கள், கால் நூற்றாண்டாக நாம் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி மென்பொருள். லிப்ரே ஆபீஸ், கிம்ப், படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அடுக்க ஸ்கிரைபஸ், இணையத்துக்கு பயர்பாக்ஸ், வீடியோவுக்கு விஎல்சி எல்லாமே விண்டோசிலும் ஓடும். அதனால் இப்போதே, இருக்கும் விண்டோசிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தினசரி வேலையை இவற்றில் செய்யுங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் அது புது மென்பொருளால் வந்ததா, லினக்சால் வந்ததா என்று குழம்பவேண்டாம்.

கடையில் எனக்கு மனம் நிறைந்தது முத்திரைத்தாள் விஷயத்தில்தான். முதல் பக்கத்தில் மேலே பாதி இடத்தை முத்திரை எடுத்துக்கொள்ளும், நாம் எண்டர் எண்டராகத் தட்டி எழுத்தைக் கீழே இறக்குவோம். நடுவில் ஒரு வரி சேர்த்தால் எல்லாம் நகர்ந்துவிடும். லிப்ரே ஆபீசில் முதல் பக்கத்துக்கு என்று தனிப் பக்கப் பாணி இருக்கிறது. அதற்கு மட்டும் மேல் ஓரத்தை அதிகமாக வைத்துவிட்டால் இரண்டாம் பக்கம் தானாகவே சாதாரண ஓரத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு முத்திரைத்தாள் அளவுக்கும் ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கிம்ப் தாராளம். 35க்கு 45 மில்லிமீட்டர், 300 டிபிஐ-யில் 413க்கு 531 பிக்சல். 4க்கு 6 தாளில் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி அடுக்கினால் 8 வரும். தேர்வு விண்ணப்பத்துக்கு 50 கேபி-க்குள் போட்டோ கேட்பார்கள் இல்லையா? கிம்பில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தை டிக் செய்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்க ஃபைல் அளவு அங்கேயே தெரியும். 48 கேபி-யில் நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகள் பதறிக்கொண்டு கடைசி நாளில் வந்து நிற்பார்கள், இந்த ஒரு வசதி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடைந்து வரும், 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகும். அதைப் பார்த்துவிட்டு ஸ்கிரைபசில் தமிழ் வராது என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். ஓமன் நாட்டுக் குழு ஒன்று அரபிக்காக உழைத்துச் சேர்த்த வசதியால் நம் எழுத்தும் சேர்ந்தே சரியானது. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக நிற்கிறது. எங்கோ இருக்கும் யாரோ தங்கள் மொழிக்காகச் செய்தது தேவகோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்க உதவுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நெகிழ்ச்சி.

விண்டோசை எடுப்பது கடைசி. நான் அவசரப்பட்டு ஒரு கணினியில் முதலிலேயே லினக்ஸ் போட்டேன். அன்று காலை கடையில் ஆறு பேர் காத்திருக்க, லேசர் பிரிண்டர் அசையவே இல்லை. சில பழைய பிரிண்டர்கள் தங்கள் இயக்கு நிரலைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அனுப்பவேண்டும். அந்த ஃபைலைத் தனியாக இறக்கவேண்டும் என்று கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. மின்ட்டை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஓட்டி, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் சொருகிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் நான் மாற்றவில்லை. ஒரு கணினியில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இருக்கிறது, அதில் அந்த இரண்டு வேலை மட்டும். உங்களுடைய மூன்றாவது கணினியை அதற்கு விட்டுவிடுங்கள்.

ஃபிளெக்ஸ்வேலை
13 நவம்பர் 2025

மேலே அக்கா சொன்னது அவ்வளவும் உண்மை. மறுபக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் ஃபிளெக்ஸ், ஆல்பம் வேலை செய்பவன். ஆறு மாதம் முயற்சி செய்தேன், முழுதாக மாற முடியவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் அனுப்புவது நூறு லேயர் உள்ள பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப் ஃபைல். கிம்ப் திறக்கும், ஆனால் எஃபெக்ட் எல்லாம் அப்படியே வராது. கோரல் டிரா ஃபைலை இங்க்ஸ்கேப் ஓரளவு திறக்கும், தமிழ் எழுத்தை வளைவாக மாற்றி அனுப்பியிருந்தால் பரவாயில்லை, இல்லையென்றால் சிரமம். இங்க்ஸ்கேப் வேலை செய்வது திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில். ஆப்செட் அச்சுக்கு நான்கு மையாகப் பிரிக்கும் சிஎம்ஒய்கே வேண்டும் என்றால் ஸ்கிரைபசில் வைத்துத்தான் பிடிஎஃப் எடுக்கவேண்டும். அடுத்தவர் ஃபைலில் வேலை செய்யும் கடைக்கு இது கடினம். நான் மாதச் சந்தா கட்டி அந்த மென்பொருளை ஒரு கணினியில் முறையாகவே வைத்துக்கொண்டேன். டைப்பிங் கடைக்கு இந்தப் பிரச்சினை குறைவு. வெளியிலிருந்து எந்த மாதிரி ஃபைல் வருகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள் தம்பி, அப்போது தெரியும்.

எதிர்க்கடை
14 நவம்பர் 2025

அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கும்பாபிஷேக மலர் பகுதி வந்ததும் எழுந்துபோய் பீரோவிலிருந்த பழைய சிடி-களை எடுத்து வந்துவிட்டார்.

அண்ணா, இன்றிலிருந்து குறித்து வைக்கிறேன்.

டைப் செய்யும் அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்தான் தயங்குகிறார். யூனிகோடில் அழகான எழுத்துரு இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள் என்கிறார்.

மையும்தாளும்
14 நவம்பர் 2025

அவர் தயங்குவது நியாயம் தம்பி. 19 வருடம் கையில் ஏறிய ஒன்றைக் கீழே வை என்கிறோம். அவரிடம் மென்பொருள் பற்றிப் பேசாதீர்கள். விரல் பற்றிப் பேசுங்கள். லினக்சில் ஐபஸ் எம்17என் என்ற தமிழ் உள்ளீட்டு நிரல் வழியாகப் பழைய டைப்ரைட்டர் முறை, தமிழ்99, ஆங்கில ஒலியில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு எல்லாம் வரும். பழைய பழக்கத்தில் கொம்பை முதலில் போட்டுவிட்டு 'க' அடிப்போம். யூனிகோடில் 'க' முன்னால், கொம்பு பின்னால் சேமிக்கப்படும். இந்த ஒரு வித்தியாசம்தான் ஆரம்பத்தில் கையைத் தடுக்கும்.

என் கடைப் பெண்ணுக்கு நான் தமிழ்99 கற்றுக்கொடுத்தேன். 1999-ல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலில் உள்ளதற்குப் புள்ளி தானே விழும். பாமினியில் அதற்கு ஐந்து தட்டு. முதல் வாரம் அழுதாள். காலையில் கூட்டம் வருமுன் அரைமணி நேரம் மட்டும், வேறெதுவும் கேட்காமல், நாளிதழ் தலையங்கத்தை அடிக்கச் சொன்னேன். ஏழாவது வாரம் பழைய வேகம் வந்தது. அந்த ஏழு வாரமும் வாடிக்கையாளர் வேலையைப் பாமினியிலேயே அடித்துவிட்டு, மாலையில் மாற்றிக்கொண்டோம். சம்பளமோ வேலையோ குறையாது என்று முதல் நாளே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பயம்தான் பாதித் தயக்கம்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. பத்திரத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ். புத்தகத்துக்கு மீரா இனிமை, பார்க்க அச்செழுத்து போலவே இருக்கும். நோட்டீசுக்கு முக்த மலர், கேட்டமரான். தடித்த தலைப்புக்கு பலூ தம்பி. பத்திரிகையில் சாய்ந்த கையெழுத்து மாதிரி வேண்டும் என்றால் கவிவனர். இவை எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பவை, அச்சடித்து விற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் யூனிகோடு எழுத்துருக்களும் உண்டு. எல்லாவற்றிலும் 'திருமண அழைப்பிதழ்' என்று அடித்து ஒரே தாளில் அச்செடுத்துக் கவுன்டரில் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். வாடிக்கையாளர் விரலை வைத்து 'இது' என்பார். பாமினியா யூனிகோடா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒன்று மறந்தேன். வேர்டில் காலிப்ரியில் அடித்த பயோடேட்டா லினக்சில் ஒன்றேகால் பக்கம் ஆனால் பயப்படாதீர்கள். கார்லிட்டோ எழுத்துரு போட்டுக்கொண்டால் அதே அகலத்தில் வந்து ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

எதிர்க்கடை
27 ஜனவரி 2026

எல்லோருக்கும் நன்றியோடு இந்த இரண்டரை மாதக் கதையைச் சொல்கிறேன்.

நோட்டில் குறித்ததில் ஒரு வாரத்தில் வெளியிலிருந்து வந்த ஃபைல் 143. பிஎஸ்டி இரண்டு, கோரல் ஒன்று. மற்றதெல்லாம் பிடிஎஃப், வேர்டு, வாட்ஸாப் படம். அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது.

மாதிரிப் பத்திரங்கள் 212-ஐ முதலில் மாற்றினோம். மாமா மகன் ஓப்பன் தமிழை வைத்து ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். அக்கா எச்சரித்த 'இ' எங்களுக்கும் வந்தது. அப்பா பழைய நகலைப் படிக்க, டைப்பிங் அக்கா திரையைப் பார்த்தார். மூன்றாவது நாள் ஒரு பாகப்பிரிவினையில் நான்கெல்லை வரும் இடத்தில் 'நிறுத்துங்க சார்' என்றார். அப்பா கிழமேல் அடி 42 என்று படிக்கிறார், திரையில் 24. மாற்றி செய்த தவறு இல்லை. 2011-ல் நாங்களே திருத்தாமல் வைத்திருந்த பழைய வரைவு அந்த ஃபைல். அன்றிலிருந்து எந்தப் பத்திரத்தையும் பதிவான நகலோடு ஒத்துப் பார்க்காமல் மாதிரியாக எடுப்பதில்லை.

டைப்பிங் அக்கா ஐந்தாவது வாரத்தில் இருக்கிறார். தினமும் காலையில் அரைமணி. தமிழ்99-ல் இன்னும் 'ஞ' எங்கே என்று தேடுகிறார். ஆனால் போன வியாழக்கிழமை, யாரும் சொல்லாமலே ஒரு வாடகை ஒப்பந்தத்தை நேரடியாக யூனிகோடில் அடித்து முடித்தார். அதில் ஓர் இடத்தில் பெயரைத் தேடி ஒரே தட்டில் எட்டு இடத்திலும் மாற்றினார். பாமினியில் தேடினால் கிடைக்காது என்று 19 வருடமாகக் கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தாராம்.

ஒரு பழைய பெட்டியில் எஸ்எஸ்டி மாட்டி மின்ட் போட்டாயிற்று. இரண்டாவது பெட்டி தைப்பூசம் கழித்து. பிரிண்டர் பென்டிரைவிலேயே ஓடியது. ஸ்கேனர் மட்டும் கண்ணாடியில் வைத்து எடுக்கிறது, மேலே தாள் அடுக்கி வைக்கும் தட்டு வேலை செய்யவில்லை. யாராவது அதைச் சரிசெய்திருந்தால் சொல்லுங்கள்.

மையும்தாளும்
27 ஜனவரி 2026

ஸ்கேன் நிரலில் மூலம் என்று ஓர் இடம் இருக்கும், அதில் கண்ணாடி என்பதை மாற்றித் தாள் ஊட்டி என்று வைத்துப் பாருங்கள். அதில் அந்தத் தேர்வே காட்டவில்லை என்றால் தயாரிப்பாளர் தளத்தில் லினக்சுக்கான ஸ்கேனர் டிரைவர் தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள், பல நேரம் பிரிண்டர் டிரைவரோடு அது சேர்ந்து வருவதில்லை. மாடல் நம்பரைப் போடுங்கள், நானும் பார்க்கிறேன்.

டைப்பிங் அக்காவிடம் 'ஞ'-வைத் தேடி வலது கைப் பக்கம் கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் அலையவேண்டாம் என்று சொல்லுங்கள். விசைப்பலகைப் படத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளட்டும். என் கடைப் பெண் ஒட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது, இப்போது வேலைக்கு வந்திருக்கும் புதுப் பிள்ளை அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள்.